மலை ஓடைக் கரையில் கண்ட காசித்தும்பை: அரிய உள்நாட்டுச் செடியா, தோட்டத்திலிருந்து தப்பியதா?

நீரோரம் (கேள்வி)

வணக்கம். பழனி மலையின் உயர்ந்த பகுதியில், சோலைக்காட்டின் உள்ளிருந்து இறங்கிவரும் ஓர் ஓடையின் இரு கரைகளிலும் வெளிர் இளஞ்சிவப்புப் பூக்களுடன் ஒரு செடி கூட்டமாக வளர்ந்திருப்பதைப் பார்த்தேன். இடுப்பளவு உயரம் இருக்கும். தண்டு தடித்து, நீர் நிறைந்து, அடிப்பக்கம் செம்மை படர்ந்திருந்தது. இலைகள் கிளை நுனிகளில் நெருங்கி அமைந்திருந்தன. பூ, வீட்டுத் தோட்டத்துக் காசித்தும்பையை நினைவூட்டினாலும் அதே பூ அன்று. முற்றிய காய் ஒன்றில் விரல் பட்டதும் அது வெடித்துச் சுருண்டுகொண்டதால், காசித்தும்பைக் குடும்பம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

உடன் வந்தவர், "இதெல்லாம் பங்களாத் தோட்டங்களிலிருந்து பரவிய செடி; மலையெங்கும் கிடக்கிறது" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்டத்திலிருந்து தப்பிய செடியையும் மலைக்கே உரிய செடியையும் பூவை வைத்துப் பிரித்தறிய வழி உண்டா? உள்நாட்டுச் செடியாக இருந்தால், அடுத்த முறை ஒரு கிளையை மட்டும் ஒடித்து வந்து வீட்டில் வளர்த்துக் காப்பாற்றலாமா? அந்த ஓடையின் மேல்பகுதியில் தண்ணீர்க் குழாய் பதித்திருப்பதைப் பார்த்ததால் இக்கேள்வி எழுகிறது.

கரந்தை

நீரோரம் அவர்களுக்கு, காய் வெடித்ததை வைத்து நீங்கள் செய்த முடிவு சரியானது. பால்சமினேசி என்னும் இக்குடும்பத்தில் இரண்டே பேரினங்கள் உள்ளன: ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட இம்பேஷன்ஸ், சதுப்பு நிலங்களில் வளரும் ஒரே சிற்றினத்தைக் கொண்ட ஹைட்ரோசெரா. ஹைட்ரோசெராவின் காய் வெடிப்பதில்லை. ஆகவே நீங்கள் பார்த்தது இம்பேஷன்ஸ்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இப்பேரினத்தின் சிற்றினங்கள் நூறு என்ற அளவில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. சில, ஒரே மலைத்தொகுதிக்குள், அதிலும் குறிப்பிட்ட உயரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. எனவே அரியதா என்று கேட்பதற்கு முன்னால் எது என்று தெரிந்தாக வேண்டும்.

உங்களுடன் வந்தவர் சொன்னதை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்பேஷன்ஸ் வாலேரியானா அழகுக்காக மலைநகரங்களில் வளர்க்கப்பட்டு, அங்கிருந்து சாலையோரங்களுக்கும் ஓடைகளுக்கும் இறங்கிவிட்டது. அதன் பூ முன்பக்கம் தட்டையாக விரிந்திருக்கும். இதழ்கள் ஏறத்தாழ ஒரே அளவில் தோன்றும். பின்னால் நூல்போல மெலிந்த ஒரு குழல் வளைந்து நீளும். ஆனால் பூ தட்டையாக இருப்பதால் மட்டுமே அதை வெளிநாட்டுச் செடி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நம் மலைகளுக்கு உரிய இம்பேஷன்ஸ் லாடிஃபோலியாவும் இப்படித்தான் தட்டையான முகமும் மெல்லிய குழலுமாக இருக்கும். களத்தில் எனக்கு உதவும் அடையாளம் வேறு: ஒரே திட்டில் சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று பல நிறங்கள் கலந்து நின்றால், அது பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வந்ததாக இருக்கும். பல நிறங்களுக்காகவே தேர்ந்து வளர்க்கப்பட்ட செடி அது. கட்டடம், சாலை, தேயிலைத் தோட்டம் ஆகியவற்றிலிருந்து விலகிய சோலை ஓடையில், ஒரே நிறத்தில், ஒரே வடிவத்தில் ஒரு கூட்டம் நின்றால் உள்நாட்டுச் செடி என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கலாம்.

இனிப் பூவுக்கு வருவோம். காசித்தும்பையின் பூ உண்மையில் தலைகீழாக நிற்கிறது. மொட்டுப் பருவத்திலேயே பூக்காம்பு அரைவட்டம் முறுக்கிக்கொள்வதால், மேலே இருந்திருக்க வேண்டிய புல்லி இதழ் கீழே வந்துவிடுகிறது. அந்த இதழே படகுபோலவோ பைபோலவோ குழிந்து, பின்னால் வால்போல நீண்டு, தேனைத் தாங்குகிறது. அல்லி இதழ்கள் ஐந்து. அவற்றில் மேலே நிமிர்ந்து நிற்கும் ஒன்று தனித்திருக்கும்; மற்ற நான்கும் இரண்டிரண்டாக இணைந்து, பக்கத்துக்கு ஒரு சிறகாக அமைந்திருக்கும். அந்தச் சிறகின் மேல்மடலும் கீழ்மடலும் எந்த அளவில், எந்த வடிவில் இருக்கின்றன, தேன்குழல் குட்டையா நீளமா, நேரா வளைவா, நுனி பிளந்திருக்கிறதா என்பவற்றைக் கொண்டே சிற்றினங்கள் பெரிதும் பிரிக்கப்படுகின்றன. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வெள்ளைக்கும் இளஞ்சிவப்புக்கும் இடையில் ஒரே சிற்றினம் மாறி மாறிப் பூக்கக் காணலாம்.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். மேல் இதழின் அடியில், பூவின் வாய்க்கு நேர் மேலே, வெண்மையான ஒரு சிறு குல்லாய் தெரியும். ஐந்து மகரந்தப் பைகளும் ஒன்றோடொன்று ஒட்டி, சூல்முடியை மூடி நிற்கும் உறுப்பு அது. பூ மலர்ந்ததும் முதலில் இந்தக் குல்லாய்தான் வேலை செய்யும். தேனுக்காகத் தலையை நுழைக்கும் பூச்சியின் முதுகில் மகரந்தம் படியும். பின்னர் உள்ளே சூலகம் வளர, குல்லாய் அடியிலிருந்து பிய்ந்து விழுந்துவிடும். அப்போதுதான் பச்சை நிறச் சூல்முடி வெளியே வரும். ஒரே செடியில் குல்லாயுடன் சில பூக்களும் குல்லாய் இல்லாமல் சில பூக்களும் இருந்தால் இரண்டு வகைச் செடிகள் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே பூவின் இரண்டு பருவங்கள் அவை.

அடையாளம் காண்பதற்காக நீங்கள் எதையும் பறிக்க வேண்டியதில்லை. இந்தப் பேரினத்தைப் பொறுத்தவரை உயிருள்ள பூவின் நல்ல ஒளிப்படம், அழுத்தி உலர்த்திய மாதிரியைவிடப் பல வேளைகளில் கூடுதலாகப் பேசும். மெல்லிய இதழ்கள் காகிதத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, நிறம் போய்விடுகிறது, சிறகின் மடல்களைப் பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது. லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஜோசப் டால்டன் ஹூக்கர், 1911இல் தம் 94ஆம் வயதில் மறையும்வரை இம்பேஷன்ஸ் மாதிரிகளோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றி, நம் மலைகளின் காசித்தும்பைகள் பலவற்றுக்குப் பெயரிட்ட ரிச்சர்டு ஹென்றி பெடோமும் அதே ஆண்டில்தான் மறைந்தார். ஆனால் பெடோமுக்கு ஹூக்கருக்கு வாய்க்காத ஒரு வசதி இருந்தது: செடியை அதன் ஓடையிலேயே பார்த்தார்.

பூவை முன்னிருந்தும், பக்கவாட்டில் குழல் முழுதும் தெரியும்படியும், பின்னிருந்தும் எடுங்கள். இலை எதிரெதிராக உள்ளதா, மாறி மாறி உள்ளதா, வட்டமாகச் சூழ்ந்துள்ளதா என்பது தெரிய வேண்டும். இலைக்காம்பில் குண்டூசித் தலைபோன்ற சுரப்பிகள் இருந்தால் அவற்றையும், காயையும், செடி நிற்கும் பாறையையோ மண்ணையோ சேர்த்து ஒரு படத்தையும் எடுங்கள். ஓரத்தில் ஓர் அளவுகோல் இருந்தால் நல்லது. உதிர்ந்து கிடக்கும் பூ கிடைத்தால் அதுவே போதும். அங்கேயே ஒரு கல்லில் வைத்து, சிறகுகளை மெல்லப் பிரித்துப் படமெடுத்துவிட்டு விட்டுவிடலாம்.

மேகமலையான்

பூவைப் பற்றிக் கரந்தை ஐயா விரிவாகச் சொல்லிவிட்டார். கிளை ஒடிப்பதைப் பற்றியும் ஓடையைப் பற்றியும் நான் எழுதுகிறேன்.

காசித்தும்பைத் தண்டை ஒடித்து நீரில் வைத்தால் பெரும்பாலும் கணுவிலிருந்து வேர் விட்டுவிடும். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் வேர் விட்டதைக் கண்டு பிழைத்துவிட்டது என்று நினைக்கிறோம். இச்செடியின் தண்டில் மரத்தன்மை மிகக் குறைவு. உள்ளிருக்கும் நீரின் அழுத்தமே அதை நிமிர்த்தி வைத்திருக்கிறது. ஓடைக்கரையிலேயே கூட, வெயில் நேரடியாக விழும் நண்பகலில் இலைகள் தொங்கிப்போவதைப் பார்க்கலாம். நிழல் வந்ததும் மீண்டும் நிமிரும். அதன் வேர் குளிர்ந்த, ஓடிக்கொண்டே இருக்கும், உயிர்வளி நிறைந்த நீரின் ஈரத்தில் இருக்கிறது. இலையைச் சுற்றிச் சாரல் கலந்த காற்று இருக்கிறது. வீட்டுத் தொட்டியில் ஈரம் வேண்டும் என்று நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், அது தேங்கி, சூடாகி, காற்றில்லாமல் போய், வேர் அழுகும். குறைத்து ஊற்றினாலோ ஒரே பகலில் வாடும். உயர்ந்த சோலையில் வளரும் செடியைச் சமவெளியில் வளர்க்க முயல்பவர்களின் கதை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் முடிகிறது.

சட்டமும் இதற்கு இடம் தருவதில்லை. பழனி மலைக் காடுகளில் ஒரு பெரும் பரப்பு 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள் உரிய அனுமதியின்றிச் செடியைப் பறிப்பதும் எடுத்துச் செல்வதும் குற்றம். சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கும் காப்புக்காடுகளுக்கு 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இருக்கிறது. ஒரு கிளைதானே என்று நாம் நினைக்கலாம். வழியில் நிறுத்திச் சோதிக்கும் வனக்காவலருக்கு அப்படி நினைக்க வேண்டிய கடமை இல்லை.

ஆனால் என்னைப் பொறுத்தவரை சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஓடையின் அமைப்பிலேயே இருக்கிறது. புல்வெளியில் வளரும் செடி நாலாபுறமும் பரவி நிற்கும். ஓடையோரச் செடியின் கூட்டமோ, சில அடி அகலமும் நெடிய நீளமும் கொண்ட ஒரு கோடு. காய் வெடிக்கும்போது விதை சில மீட்டர் தூரம்தான் தெறிக்கும். தண்ணீரில் விழுந்தவை கீழ்நோக்கித்தான் போகும். கீழே போன விதையை மேலே கொண்டுவர ஓடையால் முடியாது. ஆகவே மேல்பகுதியில் நிற்கும் செடிகள் கீழுள்ள கூட்டத்துக்குத் தொடர்ந்து விதை அனுப்பிக்கொண்டிருக்கும் தாய்ச்செடிகள். அவை போய்விட்டால் கீழே சில காலம் பூக்கள் தெரியும். ஆனால் வெள்ளம் அரித்துச் சென்ற இடத்தை நிரப்ப மேலிருந்து எதுவும் வராது. நீங்கள் குழாய் பதித்திருப்பதாகச் சொன்ன இடம் ஓடையின் மேல்பகுதி என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. மழைக்காலத்தில் குழாயால் பெரிய வேறுபாடு தெரியாது. மாசி, பங்குனியில் ஓடை மெலியும்போது, குழாய்க்குக் கீழே பாறைகளுக்கிடையில் ஈரமே இல்லாமல் போய்விடலாம். ஆண்டு முழுதும் ஈரத்தை நம்பி நிற்கும் செடிக்கு அந்தச் சில வாரங்களே போதும்.

சோலை இருக்கும்வரை ஓடை இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் வழக்கு அன்று. மரத்தடி மட்கும் பாசியும் மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து, மழை நின்ற பிறகும் சிறிது சிறிதாக விடுகின்றன. சோலையை ஒட்டிய புல்வெளிகளில் சீகை (வாட்டில்), தைலமரம், பைன் ஆகியவற்றை நட்டதால் ஓடைகளின் வரத்துக் குறைந்ததென்ற முறையீடு நீலகிரியிலும் பழனியிலும் நெடுநாளாக உண்டு. கரையிலேயே வேறொரு போட்டியும் இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து வந்த ஏஜெரடினா அடினோஃபோரா, வெண்ணிறச் சிறு பூக்கொத்துகளுடன் ஓடைக்கரைகளை அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் நிழலில் காசித்தும்பை நாற்று எழும்பாது. சதுப்புகளில் தென்னாப்பிரிக்க ஆரம் லில்லியின் வெண்புனல் பூக்களை வரிசையாக நின்று படமெடுக்கும் சுற்றுலாப் பயணிகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு இரண்டடி தள்ளி நிற்கும் மண்ணுக்குரிய செடியை அவர்களில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆகவே கிளையை ஒடிக்க வேண்டாம். அந்தக் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது, கோடையில் ஓடையில் நீர் நிற்கிறதா என்பதைப் பார்த்து, வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

விதைப்பெட்டி

மேகமலையான் அவர்களின் கருத்தில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆயினும், செடியை அதன் இடத்துக்கு வெளியே வளர்ப்பதே வீண் என்ற எண்ணத்தைப் படிப்பவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வயநாட்டில், மழைக்காட்டின் ஓரத்தில், 1981இல் தொடங்கப்பட்ட குருகுலா தாவரச் சரணாலயம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பல செடிகளை, காசித்தும்பைகள் உட்பட, வளர்த்துக் காத்துவருகிறது. அங்கே அது முடிவதற்குக் காரணம், அவர்கள் செடியை மட்டும் வளர்ப்பதில்லை. பாசி படர்ந்த கல், மரநிழல், காற்றின் ஈரம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே வளர்க்கிறார்கள். தொற்றுச்செடியாக மரப்பட்டையில் வளரும் காசித்தும்பைக்கு ஓர் ஏற்பாடு, மழைக்காலத்தில் ஈரப்பாறையில் முளைத்து, பின்னர் கிழங்காக மண்ணுக்குள் ஒடுங்கிவிடும் தண்டற்ற வகைக்கு வேறோர் ஏற்பாடு, ஓடையோரத்து வகைக்கு மற்றோர் ஏற்பாடு என்று செய்தாக வேண்டும். இதைத் தனிமனிதர் ஒருவர் பால்கனியில் செய்ய முடியாது என்பதுதான் சரியான வாதம். யாராலும் முடியாது என்பது சரியன்று. ஓடை வற்றிப்போனால் திரும்ப நடுவதற்கு எங்கேனும் அதே மலையின் செடி உயிரோடு இருக்க வேண்டுமல்லவா?

அப்படி வளர்ப்பதானால் அனுமதி பெற்று, செடியைப் பிடுங்காமல் விதையை எடுத்து, எந்த ஓடையிலிருந்து எடுத்தது என்ற குறிப்போடு, அதே மலையின் அதே உயரத்தில் வளர்க்க வேண்டும். பழனி மலைச் செடியை அழகாக இருக்கிறதென்று நீலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ கொண்டுபோய் ஓடையில் நட்டுவிடுவது பாதுகாப்பு ஆகாது. மேற்கு இமயமலையில் மற்றச் செடிகளோடு இயல்பாக வாழும் இம்பேஷன்ஸ் கிளாண்டுலிஃபெராவை 1839இல் அழகுக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அங்கே ஆற்றங்கரைகளில் ஆளுயரத்துக்கு அடர்ந்து, கீழே எதையும் முளைக்க விடாமல் செய்கிறது. அது ஓராண்டுச் செடி என்பதால் குளிர்காலத்தில் மடிந்து, கரை மண்ணை வெறுமையாக விட்டு, அரிப்புக்கும் வழி செய்கிறது. அதைக் கட்டுப்படுத்துவதற்காக, இமயமலையிலேயே அதைத் தாக்கும் ஒரு துருப்பூஞ்சையைத் தேடிக் கொண்டுவந்து 2014இல் வெளியிட வேண்டியிருந்தது. காசித்தும்பை விதையைச் சட்டைப்பையில் போட்டு எடுத்துவருபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பனித்துளி

பயனுள்ள விவாதம். நீரோரம் அவர்களே, ஓடையின் பெயரையும் வரைபடக் குறியையும் இங்கே இட முடியுமா? அடுத்த மாதம் நண்பர்களுடன் அந்தப் பக்கம் வருகிறோம். நாங்களும் பார்த்துப் படமெடுக்க விரும்புகிறோம்.

கரந்தை

பனித்துளி அவர்களின் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை; இருந்தாலும் இடக்குறியை இங்கே வெளியிட வேண்டாம் என்று நீரோரம் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2018இல் குறிஞ்சி பூத்தபோது கூட்டத்தைக் கட்டுப்படுத்த எவ்வளவு ஏற்பாடு வேண்டியிருந்தது என்பது நினைவிருக்கும். குறிஞ்சிக்கு மலைச்சரிவு முழுதும் இடம் இருக்கிறது. ஓடையோரத்துக் காசித்தும்பைக்கு இருப்பது ஒரு காலடி வைக்கும் அகலம். நல்ல கோணத்தில் படமெடுக்க நாம் கால் ஊன்றும் ஈரமண்ணில்தான் அதன் நாற்றுகளும் இருக்கும்.

பதிவு செய்வது வேறு, விளம்பரப்படுத்துவது வேறு. உயிரினங்களைக் கண்ட இடத்தோடு படமாகப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடத்தை மறைத்துப் பதியும் வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால், சரியான புள்ளிக்குப் பதிலாக, பக்கத்துக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஓரிடம் மட்டும் மற்றவர்களுக்குத் தெரியும். ஆய்வாளர் கேட்டால் நீங்கள் தனியே கொடுக்கலாம். ஆனால் பலர் அங்கே மறைத்துவிட்டு, அதே படத்தை இருப்பிடத் தகவல் நீக்காமல் வேறிடத்தில் அப்படியே பகிர்ந்துவிடுகிறார்கள். கைப்பேசி எடுக்கும் படத்துக்குள்ளேயே இடக்குறி பதிந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பனித்துளி அவர்கள் மலைக்கு வரும்போது, தேடிப் போகாமலேயே சாலையோரப் பாறைக் கசிவுகளில் எளிதில் கிடைக்கும் காசித்தும்பைகளைப் பார்க்கலாம். குல்லாயையும் சிறகையும் அவற்றிலேயே கற்றுக்கொள்ளலாம். அரிய செடியை வைத்துத்தான் பாடம் தொடங்க வேண்டும் என்பதில்லை.

நீரோரம்

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. கிளை ஒடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஓடையின் பெயரை வெளியிடப் போவதில்லை.

மீண்டும் சென்றபோது உதிர்ந்த பூக்களைத் தேடினேன். ஓடையின் கரைப்பாறை ஒன்றில் சில ஒட்டிக் கிடந்தன. ஒன்றைக் கல்லில் வைத்துப் பிரித்தேன். கீழ்ப்பக்கம் படகுபோலக் குழிந்திருந்தது. பின்னால் நூல்போன்ற குழல் இல்லை. சிறகின் கீழ்மடல் மேல்மடலைவிடத் தெளிவாகப் பெரியது. வேறொன்றும் கண்ணில் பட்டது. செடியில் இருந்த பூக்கள் சிலவற்றில், படகின் பின்பக்கத்தில் சிறு துளை ஒன்று பழுப்பு விளிம்புடன் இருந்தது. புழு தின்றதா, நோயா என்று தெரியவில்லை. கூட்டம் முழுதும் ஒரே நிறம்; அருகில் கட்டடமோ தோட்டமோ இல்லை. குழாய், செடிகள் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலிருந்து நீரெடுத்து, சரிவில் உள்ள காய்கறி நிலங்களுக்குப் போகிறது. அதைப் பற்றி எழுதி, அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொண்டேன்.

கரந்தை

அந்தத் துளை பெரும்பாலும் தேன் களவின் அடையாளம். பூவின் வாய்வழியே நுழைந்து தேனை எட்ட முடியாத தேனீக்கள், தேன் இருக்கும் பகுதியைப் பின்னாலிருந்து கடித்துத் துளைத்துக் குடித்துவிடும். மகரந்தக் குல்லாயைத் தொடாமலே விருந்து முடிந்துவிடும். விளிம்பு பழுப்பாக இருப்பது கடித்த இடம் காய்ந்ததால். துளையிட்ட பூக்கள் மிகுதியாகவும் காய் பிடித்தவை குறைவாகவும் இருந்தால் மட்டும் அதைக் குறித்து வையுங்கள். அவ்வாறில்லாவிட்டால் அது காசித்தும்பைகளில் வழக்கமாக நடப்பதுதான். புழு தின்றதானால் இலையிலும் அடையாளம் இருக்கும். பருந்து அந்துப்பூச்சிகளின் புழுக்களுக்குக் காசித்தும்பை இலை விருப்பமான உணவு.

உங்கள் விவரிப்பைக் கொண்டு, இது வாலேரியானா அன்று என்று உறுதியாகச் சொல்லலாம். தட்டையான முகமும் நூல்போன்ற குழலும் இல்லாத பூ அதனுடையதாக இருக்க முடியாது. உயர்ந்த சோலைகளின் ஓடைக்கரையில் தடித்த தண்டுடன் வளரும் உள்நாட்டுக் காசித்தும்பைகளோடுதான் இதை ஒப்பிட வேண்டும். பெடோம் பெயரிட்ட இம்பேஷன்ஸ் டங்காச்சி அவ்வாறு ஒப்பிட வேண்டியவற்றில் ஒன்று. ஆனால் சொற்களைக் கொண்டு சிற்றினப் பெயரை எழுதிவிடுவது முறையன்று. சிறகைப் பிரித்த படம், பக்கவாட்டுப் படம், காய், இலைக்காம்பு ஆகியவற்றைக் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தெற்கு மண்டல மையத்துக்கோ, பழனி மலைத் தாவரங்களை நெடுங்காலம் ஆராய்ந்த திருச்சிராப்பள்ளி ராபினாட் உலர்தாவரத் தொகுப்பகத்துக்கோ அனுப்புங்கள். பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்களால் முடியும். படத்துடன் உயரம், மாதம், கரையா நீர்நடுப் பாறையா என்பதையும் எழுதுங்கள். அனுப்புபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இவற்றைத்தான்.

குழாயைப் பொறுத்தவரை, காய்கறி நிலத்துக்காரரிடமும் பேசிப் பாருங்கள். நீரே எடுக்கக் கூடாது என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எடுக்கும் இடத்தைச் செடிகள் முடியும் எல்லைக்குக் கீழே மாற்ற முடியுமா, கோடையில் இரவு மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்டால் பேச இடமிருக்கும். பங்குனியில் அந்தப் பாறைகளுக்கிடையில் ஈரம் எவ்வளவு என்று பார்த்து இங்கே எழுதுங்கள். வனச்சரக அலுவலகத்துக்கு அடுத்த கடிதம் எழுத அதுதான் தேவைப்படும்.